தகிட

மூன்று சிலிண்டர்காரி.
நான்கு இருந்தால் சமமாய் நடந்திருப்பாள்;
மூன்று என்பதால்
ஒரு கால் குட்டையானவள் போல
தகிட தகிட என்று போவாள், என் ஆம்னி.

இரவு இரண்டு மணிக்கு
சுந்தரபாண்டியபுரத்துக் கேந்தி பதினாறு மூட்டை
கூரை முட்டத் திணித்து
புலியரை தாண்டினால்
எஸ் வளைவில் இரண்டாம் கியர் செத்துவிடும்.
முதல் கியரில் ஊர்ந்து
கோட்டைவாசல் ஏறுவதற்குள்
ஜீப்புகள் என்னை முந்திப் புனலூர் போய்
அத்தப்பூ விலையை விற்றுத் தீர்த்துவிடும்.
எனக்கு மிச்சம் வாடல் விலை.

"எஞ்சினை மாத்துனா எழுபதாயிரம்.
பின்னால அடைச்சிருக்க மூச்சைத் திறந்துவிட்டா
ஆயிரத்து எண்ணூறு" என்றான்
செங்கோட்டை மைதீன் பிச்சை,
அட்டைமேல் மல்லாந்து
வண்டியின் வயிற்றோடு பேசியபடி.

சத்தம் மாறக் கூடாது என்றேன்.

வெளியே வந்து பார்த்தான்.
பயல்கள் வந்து
இழுவை வேண்டாம், சத்தம் போதும் என்பார்களாம்.
பானையில் நாலு ஓட்டை போட்டு
முந்நூறு வாங்கி அனுப்பிவிடுவானாம்.
"நீங்க தலைகீழாக் கேக்கீக."

ஆரியங்காவு வனத்துறைக் கம்படியில்
ரெஜிமோன் கண் திறப்பதில்லை.
கால் நீட்டிய நாற்காலியில்
காதால் மட்டும் காவல் இருக்கிறான்.
கீழ் வளைவில் தகிட கேட்டால்
கயிற்றைத் தளர்த்துவான், கம்பு எழும்.
ஆறு வருஷமாக அவனுக்கு நான் ஒரு சத்தம்.
வேறு சத்தம் என்றால்
எழுந்து, விளக்கடித்து,
பதினாறு மூட்டையையும் இறக்கச் சொல்வான்.

மைதீன் பிச்சை கடைசிப் பானையைத் தொடவில்லை.
சத்தம் அங்கேதான் குடியிருக்கு என்றான்.
நடுக்குழாயை அறுத்தான்.
அச்சுக்கு மேலே கம்பெனிக்காரன்
நசுக்கி வளைத்திருந்தான்,
திருகிய கோழிக்கழுத்து மாதிரி.
டெம்போவில் கழற்றிய குழாய், கால் இஞ்ச் அகலம் கூட.
காய்ந்த ஆற்று மணலை அதில் இடித்து நிரப்பி
இரு முனையும் அடைத்து
சிவக்கக் காய்ச்சி வளைத்தான்.
நசுங்கவில்லை; மணல் உள்ளிருந்து தாங்கியது.
பிறகு எஞ்சின் வாயில்
துளைக்குள் துருத்தி நின்ற காஸ்கெட் உதட்டை
அரைமணி நேரம் அரத்தால் தேய்த்தான்.
மணலைக் கொட்டியபோது
ஒரு கிளிஞ்சல் வெந்து வெளுத்திருந்தது.
ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
ஐம்பது மணலுக்கு.

சாவி போட்டேன்.
தகிட.
எதிரே உறங்கிய நாய் காதைக்கூட அசைக்கவில்லை.
ஏமாற்றிவிட்டானோ என்றிருந்தது.

அன்றிரவு எஸ் வளைவில்
இரண்டாம் கியர் சாகவில்லை.
பாதி ஏற்றத்தில் மூன்றாவதைப் போடு என்றாள்.
ஒரு ஜீப்பை
முதன்முதலாகப் பக்கவாட்டில் பார்த்தேன்,
டிரைவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

மூன்று பத்துக்கு வருகிற தகிட
இரண்டு ஐம்பத்தொன்பதுக்கு வந்துவிட்டது.
கம்பு கிடையாகக் கிடந்தது.
நாற்காலி காலி.
சத்தத்தை அப்படியே வைத்தோம்,
நேரத்தை யார் நினைத்தோம்?

புதர்ப் பக்கமிருந்து ஓடிவந்தான்,
காக்கிச் சட்டையும் அவிழ்ந்த கைலியுமாய்.
"எந்தா இன்னு நேரத்தே?"
விளக்கு என் முகத்தில் விழுந்தது.
"அய்யோ, சேச்சியா!"
ஆறு வருஷம் என்னை
மீசையோடு நினைத்திருக்கிறான்.

பதினாறு மூட்டையும் இறங்கின.
ஜீப் ஒன்று போனது. இன்னொன்று.
வாழைப்பழத்துக்காரர் கை காட்டிப் போனார்.
நோட்டைத் திறந்து பேர் கேட்டான்.
முப்பிடாதி.
மூன்று முறை சொன்னேன், மூன்று விதமாய் எழுதினான்.

மறுநாள் இரண்டு ஐம்பத்தெட்டு.
கீழ் வளைவில் திரும்பும்போதே
கம்பு எழுந்து நின்றது.
நாற்காலியில் கால் நீட்டி, கண் மூடி,
ரெஜிமோன்.
தாண்டுகையில் அவன் வாய் மட்டும் அசைந்தது,
நான்காவது விதமாய்
என் பேர்.